பாக்கெட்டில் நின்றது எது?

ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கமா?

இல்லைதான். ஆனால், ஜப்பானில் ஒருவர் அப்படி எட்டிப் பார்த்துத் தொலைத்ததால்தான் உலகத்தில் பாதிப் பேர் இன்றைக்குக் குனிந்த தலை நிமிராமல் கட்டை விரலால் திரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

1970களின் கடைசி. புல்லட் ரயில் போய்க்கொண்டிருக்கிறது. களைத்துப்போன ஆபீஸ் ஆசாமி ஒருவர் கையில் கால்குலேட்டர் வைத்திருக்கிறார். கணக்குப் போடுகிறாரா என்றால், அதுதான் இல்லை. சும்மா பட்டன்களைத் தட்டிக்கொண்டிருக்கிறார். பொழுது போகவில்லை, பாவம்.

இதைப் பார்த்தவர் பெயர் குன்பெய் யோகோய். நிண்டெண்டோ கம்பெனியில் வேலை. அவருக்குள் சட்டென்று ஒரு பொறி. 'பெரியவர்கள் ரயிலில் பொம்மையை எடுத்து விளையாட வெட்கப்படுவார்கள். ஆனால், கைக்குள் மறைகிற அளவில், கூடவே மணியும் காட்டுகிற மாதிரி ஒரு விளையாட்டு இருந்தால்?'

யோகோய் கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஒரு குடும்ப விஷயம் பேசிவிடுகிறேன்.

போன மாதம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. தினமும் செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின். காபியைக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தான்.

"மாமா, கையில வெச்சு விளையாடுற கேம் மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஸ்டீம் டெக் மாதிரி. இல்லேன்னா இருக்கிற போனைத் தள்ளிட்டு, கேம், ஆபீஸ் மெயில், பேங்க் எல்லாத்துக்கும் சேர்த்து பெரிசா ஒரு போன் வாங்கிடலாமா? நீங்கதான் பி.காம்.ல கணக்கெல்லாம் படிச்சிருக்கீங்களே, சொல்லுங்க."

படித்த பி.காமுக்கு முப்பது வருஷத்தில் கிடைத்த முதல் மரியாதை! சட்டென்று பதில் சொல்லிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று, "ஒரு வாரம் டைம் குடு" என்றேன். தேடிப் பார்த்தால், அவன் கேட்ட கேள்விக்குப் பின்னால் நாற்பத்தைந்து வருஷ சரித்திரமே இருக்கிறது. பெரிய பெரிய கம்பெனிகள் இதற்குத் தப்பான பதில் சொல்லி மண்ணைக் கவ்வியிருக்கின்றன.

சரி, யோகோயிடம் திரும்புவோம்.

நிண்டெண்டோ ஆரம்பத்தில் வீடியோ கேம் கம்பெனியே கிடையாது. 1889ல் கியோட்டோ நகரத்தில் சீட்டுக்கட்டு தயாரிக்க ஆரம்பித்த குடும்ப நிறுவனம். 1965ல் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு அங்கே சேர்ந்த யோகோய்க்குக் கிடைத்த வேலை, சீட்டு தயாரிக்கும் மெஷின்களைப் பராமரிப்பது. வேலை குறைவு, நேரம் நிறைய. அந்த நேரத்தில் தன் விளையாட்டுக்கு ஒரு கை செய்தார். மடக்கி நீட்டினால் தூரத்தில் இருப்பதைப் பிடிக்கும். முதலாளி ஹிரோஷி யமாவுச்சி பார்த்துவிட்டார். ஆபீஸ் நேரத்தில் விளையாடியதற்குச் சீட்டுக் கிழியும் என்று பயந்தால், "இதையே பொம்மையாகச் செய்து கொடு" என்றார் அவர். 1966ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. சீட்டு மெஷின்காரர் பொம்மை டிசைனர் ஆகிவிட்டார்.

ரயில் யோசனையை அவர் முதலாளியிடம் சொன்ன விதமும் சுவாரஸ்யம்தான். ஒருநாள் யமாவுச்சியின் டிரைவர் வரவில்லை. காரை ஓட்டும் பொறுப்பு யோகோய் தலையில். போகிற வழியில் சும்மா இருக்க முடியாமல் விஷயத்தைச் சொல்லி வைத்தார். முதலாளி தலையாட்டினாரே தவிர, பிரமாதமாக ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால், அன்றைக்குப் போன கூட்டத்தில் யமாவுச்சிக்குப் பக்கத்து நாற்காலி, ஷார்ப் கம்பெனித் தலைவருக்கு. கால்குலேட்டர் ராஜாக்களில் ஒருவர்! அடுத்த சில நாட்களிலேயே ஷார்ப் ஆட்கள் நிண்டெண்டோ வாசலில் நின்றார்கள்.

ஷார்ப்புக்கு இதில் என்ன லாபம்? அந்தக் காலத்தில் ஷார்ப்பும் கேஸியோவும் கால்குலேட்டர் சந்தையில் அடித்துக்கொண்டதில் விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. எல்.சி.டி. திரையும் சின்னச் சின்ன சிப்புகளும் மலிந்துவிட்டன. அவற்றை விற்க ஷார்ப்புக்குப் புது இடம் தேவை. யோகோய்க்கோ மலிவான பாகங்கள் தேவை. 1980 ஏப்ரலில் 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. முதல் விளையாட்டின் பெயர் 'பால்'. ஒரு பொம்மை மனிதன் பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பான், அவ்வளவுதான். விலை 5,800 யென். அந்த வரிசை மொத்தமாக 4 கோடியே 34 லட்சம் விற்றது.

இதற்கு யோகோய் ஒரு சித்தாந்தமே வைத்திருந்தார். தமிழில் சொன்னால், 'காய்ந்துபோன தொழில்நுட்பத்தை வைத்துக் குறுக்கே யோசிப்பது.' அதாவது, நேற்று வந்த புதுச் சரக்கின் பின்னால் ஓடாதே. எல்லோரும் பழகி, விலை விழுந்து, கோளாறெல்லாம் சரியான பழைய சரக்கை எடு. அதை யாரும் நினைக்காத இடத்தில் பயன்படுத்து.

நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இது தெரியாதா என்ன? ஆனால், அவர்கள் யாரும் இதை வைத்து உலகத்தோடு மோதவில்லை. யோகோய் மோதினார். 1989ல்.

அந்த வருஷம் ஏப்ரலில் ஜப்பானில் 'கேம் பாய்' வந்தது. பார்க்க ஒன்றும் அழகில்லை. செங்கல் மாதிரி ஒரு டப்பா. திரையில் கலர் கிடையாது. பாசி படிந்த குட்டை மாதிரி ஒரு பச்சை, அதில் நாலே நாலு சாயல். பின்னால் விளக்கும் இல்லை. இருட்டில் விளையாட வேண்டுமென்றால் தெரு விளக்குக்கு அடியில் போய் நிற்க வேண்டியதுதான்.

அதே வருஷக் கடைசியில் அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி 'லிங்க்ஸ்' என்று ஒன்றை இறக்கியது. கலர் திரை. விளக்கு வெளிச்சம். மின்னல் வேகம். அடுத்த வருஷம் ஜப்பானிலேயே ஸேகா கம்பெனியின் 'கேம் கியர்' வந்தது. அதுவும் கலர். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் ஏழை வீட்டுப் பிள்ளை மாதிரி தெரியும்.

போட்டி மெஷின் வந்த செய்தியை யோகோயின் ஆள் ஒருவர் முகம் வெளிறிப்போய் வந்து சொன்னாராம். யோகோய் கேட்டது ஒரே கேள்வி: கலரா, கறுப்பு வெள்ளையா? கலர் என்றதும் நிம்மதியாகிவிட்டார். அப்படியானால் நமக்குப் பயமில்லை என்று அர்த்தம்!

என்ன தைரியம் இது? இங்கேதான் என் பி.காம். உதவிக்கு வருகிறது.

கேம் பாய்க்கு நாலு பேட்டரி செல். அதில் சுமார் பதினைந்து மணி நேரம் ஓடும். கேம் கியருக்கு ஆறு செல். மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம்தான் தாங்கும். நாலு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் மாதத்துக்கு முப்பது மணி நேரம் விளையாடினால் கேம் பாய்க்கு எட்டு செல் போதும். கேம் கியருக்கு நாற்பத்தைந்து செல்! அமெரிக்காவில் மெஷினின் விலையும் அப்படித்தான். கேம் பாய் சுமார் 90 டாலர். கேம் கியர் 150. லிங்க்ஸ் 180.

வாங்கும்போது ஒருமுறைதான் விலை. பேட்டரி தீரும்போதெல்லாம் ஒரு விலை. அப்பாக்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. பையன்களுக்கு அதைவிட முக்கியமான இன்னொன்று புரிந்தது. பாதி ஆட்டத்தில் செத்துப்போகும் மெஷின், எவ்வளவு கலராக இருந்தால் என்ன?

கேம் பாய்க்கு இன்னொரு அதிர்ஷ்டம் மாஸ்கோவிலிருந்து வந்தது. 1984ல் அலெக்ஸி பஜித்னோவ் என்கிற சோவியத் கம்ப்யூட்டர் விஞ்ஞானி பொழுதுபோகாமல் எழுதிய விளையாட்டு, டெட்ரிஸ். மேலேயிருந்து விழும் கட்டங்களை அடுக்க வேண்டும். கதை கிடையாது, ராஜகுமாரி கிடையாது. ஹெங்க் ரோஜர்ஸ் என்கிற வியாபாரி, நிண்டெண்டோவின் அமெரிக்கத் தலைவரிடம் ஒரு யோசனை சொன்னார். பையன்கள் மட்டும் வாங்கினால் போதும் என்றால் மரியோவை மெஷினோடு சேர்த்துக் கொடுங்கள். எல்லோரும் வாங்க வேண்டும் என்றால் டெட்ரிஸைக் கொடுங்கள் என்று. டெட்ரிஸ் சேர்ந்தது. அம்மாக்கள், ஆபீசர்கள், தாத்தாக்கள் எல்லோரும் ஆட ஆரம்பித்தார்கள். 1993ல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாண்டர் செரெப்ரோவ், மிர் விண்வெளி நிலையத்துக்கே ஒரு கேம் பாயைக் கொண்டுபோய்விட்டார்.

முடிவு? கேம் பாயும் பின்னால் வந்த அதன் கலர் தம்பியும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல். கேம் கியர் ஒரு கோடிச் சொச்சம். லிங்க்ஸ் அதற்கும் வெகு கீழே.

நம் ஊரில் அந்தக் காலத்தில் நிஜ கேம் பாயைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. ஆனால், பர்மா பஜாரில் '9999 இன் ஒன்' என்று எழுதிய பிளாஸ்டிக் டப்பா கிடைக்குமே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே இருந்தது என்னவோ டெட்ரிஸும் அதன் பத்துப் பன்னிரண்டு பங்காளிகளும்தான். மீதி 9,980ஐ இன்றைக்கு வரைக்கும் தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவும் யோகோய் சித்தாந்தம்தான். காய்ந்துபோன சிப், மலிவான திரை, மாசக் கணக்கில் ஓடும் பேட்டரி.

இத்தனை தெளிவான மனுஷன் சறுக்கவே மாட்டார் என்றுதானே நினைப்பீர்கள்? சறுக்கினார். மோசமாக.

1995ல் அவர் கையிலிருந்து வந்தது 'வர்ச்சுவல் பாய்.' முப்பரிமாணக் காட்சி காட்டும் மெஷின். மேஜை மேல் காலூன்றி வைத்து, அதற்குள் முகத்தைப் புதைத்துப் பார்க்க வேண்டும். எல்லாமே சிவப்பு. கொஞ்ச நேரம் பார்த்தால் தலைவலி என்றார்கள் வாங்கியவர்கள். ரயிலில் போகிறவனின் கைக்குள் அடங்கும்படி யோசித்து ஜெயித்தவர், ரயிலிலேயே எடுத்துப்போக முடியாத ஒன்றைச் செய்திருந்தார். ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. எட்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை விற்பனை.

மறுவருஷம், 1996 ஆகஸ்டில், முப்பத்தொரு வருஷ வேலையை விட்டு வெளியே வந்தார். தோல்வியால் அல்ல, ஏற்கெனவே எடுத்த முடிவு என்று சொன்னார். தனிக் கம்பெனி ஆரம்பித்து, பண்டாய் நிறுவனத்துக்காக இன்னொரு கையடக்க மெஷினில் இறங்கினார். மறுபடியும் பழைய யோகோய்! கறுப்பு வெள்ளைத் திரை, குறைந்த விலை, ஒரே ஒரு பேட்டரி செல்.

அது கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 1997 அக்டோபர் 4. நெடுஞ்சாலையில் அவர் போன கார் முன்னால் போன லாரியில் இடித்துவிட்டது. என்ன ஆயிற்று என்று பார்க்க இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் அவர் மேல் மோதியது. வயது 56. அந்த மெஷின், 'ஒண்டர்ஸ்வான்', 1999 மார்ச்சில் வெளியானது. விலை 4,800 யென்.

அவர் போன அதே 1997ன் கடைசியில், பூமியின் மறுபக்கத்தில், அவருடைய சித்தாந்தம் தனக்கே தெரியாமல் இன்னொரு அவதாரம் எடுத்தது. பின்லாந்தின் நோக்கியா, 6110 என்றொரு செல்போனை வெளியிட்டது. அதற்குள் தானேலி அர்மாந்தோ என்கிற இன்ஜினீயர் ஒரு பாம்பை விட்டிருந்தார். ஸ்நேக்! கறுப்புக் கட்டங்களால் ஆன பாம்பு. புள்ளியைத் தின்னும், நீளும், தன் வாலைத் தானே கடித்துச் சாகும்.

அந்தப் பாம்புக்காக யாரும் போன் வாங்கவில்லை. போன் வாங்கியவர்கள் எல்லோரும் பாம்பு ஆடினார்கள். வித்தியாசம் புரிகிறதா? 2003ல் வந்த நோக்கியா 1100ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச் லைட், தூசி புகாத கீபேட், நாள்கணக்கில் நிற்கும் பேட்டரி, கூடவே பாம்பு. உலகம் முழுக்க 25 கோடி. பஸ் டிரைவர் முதல் வக்கீல் வரை நம் ஊரிலும் அது இல்லாத கையில்லை. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலையே வந்தது (2014ல் மூடிவிட்டார்கள், அது தனி சோகக் கதை).

இதே நோக்கியாவுக்கு அதே 2003ல் ஒரு பேராசை. 'எல்லோரும் போனில் விளையாடுகிறார்களே, விளையாட்டு மெஷினையும் போனையும் ஒன்றாகவே செய்தால் என்ன?' என்று. அக்கா பையன் கேட்ட அதே கேள்வி!

அப்படி வந்ததுதான் 'என்கேஜ்.' 299 டாலர். கேம் மாற்ற வேண்டுமா? பின் மூடியைக் கழற்று, பேட்டரியை எடு, கார்டை மாற்று, மறுபடி ஆன் செய். போன் பேச வேண்டுமா? போனைப் பக்கவாட்டில் திருப்பி, அதன் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். காதில் தோசையை மடித்து வைத்த மாதிரி இருக்கும். ஜனங்கள் சிரித்தே கொன்றுவிட்டார்கள். இரண்டு வேலையும் செய்ய வந்தது, இரண்டையும் அரைகுறையாகச் செய்தது.

அடுத்த வருஷம், 2004. சரித்திரம் மறுபடியும் கேம் பாய் - கேம் கியர் சண்டையை அப்படியே நடத்திக் காட்டியது. ஒருபக்கம் ஸோனியின் பி.எஸ்.பி. பெரிய திரை, சினிமா பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். அமெரிக்காவில் 250 டாலர். இன்னொரு பக்கம் நிண்டெண்டோ டி.எஸ். சக்தி குறைவு, ஆனால் இரண்டு திரை, குச்சியால் தொட்டு ஆடலாம். 150 டாலர். அதில் நாய்க்குட்டி வளர்க்கும் விளையாட்டு வந்தது. ரியூட்டா கவாஷிமா என்கிற பேராசிரியரின் யோசனையில் மூளைக்குப் பயிற்சி தரும் கணக்கு விளையாட்டு வந்தது. வீடியோ கேமையே தொடாத நடுத்தர வயசுக்காரர்கள் கடைக்கு வந்தார்கள். டி.எஸ். 15 கோடியே 40 லட்சம். பி.எஸ்.பி. சுமார் எட்டு கோடி. தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால், ஜெயித்தது பலசாலி இல்லை.

2007ல் ஐபோன். 2008ல் அதற்கு ஆப் ஸ்டோர். 2009 டிசம்பரில் கோபக்காரப் பறவைகள். அதோடு பாம்பு, நாய்க்குட்டி, கணக்கு வாத்தியார் எல்லோரும் ஒரே கண்ணாடித் துண்டுக்குள் குடிபோய்விட்டார்கள். என்கேஜ் கண்ட கனவு ஒருவழியாகப் பலித்தது.

அப்படியானால் கதை முடிந்ததா? பேசாமல் பெரிய போன் வாங்கிக்கொள் என்று பையனிடம் சொல்லிவிடலாமா?

அங்கேதான் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. யோகோயின் மெஷினில் பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் மட்டும்தான் நிற்கும். இன்றைக்குப் போனில் பேட்டரி தீர்ந்தால்? ட்ரெயின் டிக்கெட் அதில். டீக்கடைக்குக் காசு அதில். அம்மா கூப்பிடுவதும் மேனேஜர் கூப்பிடுவதும் அதில். ஒரே பேட்டரிக்கு இரண்டு எஜமானர்கள். அதில் ஒருவர் விளையாட்டுப் பிள்ளை.

இன்னொரு செலவு, பில்லில் வராதது. கேம் பாய் கேமுக்கு ஒருமுறை காசு கொடுத்தோம், முடிந்தது. போனில் பெரும்பாலான கேம் இலவசம். இலவசமாகக் கொடுத்தவன் விளம்பரத்தில் எடுப்பான், இல்லாவிட்டால் உள்ளே ஒவ்வொரு கட்டத்திலும் ஐம்பது, நூறு என்று கறப்பான். இரண்டுக்குமே நாம் எழுந்து போகாமல் இருக்க வேண்டும். யோகோய் பார்த்த ரயில் பயணிக்கு மிச்சமாக இருந்தது நேரம். அதைப் போக்க ஒரு மெஷின் வேண்டியிருந்தது. இப்போது மெஷினுக்கு நம் நேரம் வேண்டியிருக்கிறது.

அதனால்தானோ என்னவோ, தனி மெஷின் இன்னும் சாகவில்லை. 2017ல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச், 2015லேயே வந்துவிட்ட சிப் குடும்பத்தை வைத்துச் செய்தது. காய்ந்த தொழில்நுட்பம்தான்! 15 கோடியைத் தாண்டி விற்றது. 2022ல் வந்த ஸ்டீம் டெக், கம்ப்யூட்டர் கேம்களையே கைக்குக் கொண்டுவந்தது. அபாரமான சரக்கு. ஆனால் எடை 669 கிராம். பெரிய விளையாட்டு ஆடினால் இரண்டு மணி நேரத்தில் சார்ஜரைத் தேட வேண்டும். மன்னிக்கவும், எனக்கு கேம் கியர் ஞாபகம் வருகிறது.

ஒரு வாரம் முடிந்தது. பையன் போன் செய்தான்.

"என்ன மாமா, கணக்குப் போட்டாச்சா?"

"ஒரே ஒரு கேள்வி. காலைல ட்ரெயின்ல உனக்கு உட்கார இடம் கிடைக்குமா?"

"எங்கே மாமா... பாதி நாள் தொங்கிட்டுதான் வரேன்."

"ஒரு கை மேலே பிடிச்சிட்டு இருக்கும். மிச்சம் ஒரு கைதான். ஸ்டீம் டெக்குக்கு ரெண்டு கை வேணுமே?"

அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தான்.

விலை, வேகம், திரை, மெமரி என்று ஒரு வாரமாக எட்டுக் கடையும் ஏறி இறங்கி விசாரித்தவன், இதை மட்டும் யோசிக்கவில்லை. தினசரி ட்ரெயினுக்கு, ஒரு கையால் ஆடக்கூடிய, காலையில் சார்ஜ் போட்டால் ராத்திரி வரை தாங்கும் சாதாரண போனே போதும் என்று முடிவாயிற்று. புதிதாக வாங்க வேண்டியதுகூட இல்லை, கையில் இருப்பதே அப்படித்தான். தனி மெஷின் ஆசையா? வாங்கு. ஆனால், அது ஞாயிற்றுக்கிழமைக்கு, சோபாவுக்கு, பக்கத்தில் சார்ஜர் இருக்கும் இடத்துக்கு. ட்ரெயினுக்கு என்று பொய் சொல்லி வாங்காதே.

"அப்போ ட்ரெயின்ல போரடிச்சா என்ன மாமா பண்றது?"

"பக்கத்து சீட்டுக்காரர் என்ன பண்றாருன்னு பாரு" என்றேன்.